சோபாவின் இடது மூலை

எங்கள் வீட்டுச் சோபாவை யார் வாங்கிக் கொடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் எல்லோருக்கும் வசதியாக மறந்துபோன விஷயம் அது. வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா தேவமணி, ஏரலில் தையல் கடை வைத்திருப்பவர். என் கல்யாணத்துக்காக அம்மாவின் வளையல்களை விற்று, திருநெல்வேலி டவுணில் நாலைந்து கடை ஏறி இறங்கி, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, சந்தனக் கலர் வெல்வெட்டில் ஒரு செட் எடுத்தார். ரெக்சின் எடுங்கள், துடைத்தால் போச்சு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டை வெயிலுக்கு ரெக்சின் முதுகில் ஒட்டும், துணிதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியது என் மாமியார்.

துணிச் சோபாவைக் கேட்டு வாங்கிய அத்தை, அதன்பிறகு அந்தத் துணியை யார் கண்ணிலும் காட்டவில்லை. மேலே ஒரு பழைய பெட்ஷீட், அதற்கு மேலே ஒரு துண்டு, தலை சாய்க்கிற இடத்தில் பூப்பின்னல் போட்ட வெள்ளைத் துணி. விருந்தாட்கள் வருகிற சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் உருவி எடுப்பார், அவர்கள் வாசல் தாண்டியதும் திரும்பவும் மூடுவார். உட்காருகிற சுகம் விருந்தாட்களுக்கு, மூடுகிற அதிகாரம் அத்தைக்கு, சுத்தம் செய்கிற வேலை எனக்கு. சனிக்கிழமைதோறும் இடுக்குகளில் கிடக்கிற மிக்சர் தூளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நீவி விடுவேன். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. தையல்காரர் மகளுக்குத் துணியைப் பார்த்துக்கொள்ளப் பிடிக்கும்.

என் மகன் எஸ்றா பிறந்த பிறகு மூன்று மாதம் அந்த வேலையை அத்தையே செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு ஏரலுக்குப் போக வழியில்லாததால் அத்தைதான் பூண்டும் கருவாடும் போட்டுப் பத்தியச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார். நல்லவர்தான். இந்த நல்லவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார் என்பதால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஜனவரியில் எஸ்றாவுக்கு நாற்பது நாள் ஆனதும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். எங்கள் சபைப் போதகரான ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் வந்தார்கள், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் சோபாவில் உட்கார்ந்தார். அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, தரையில் மடக்கி உட்கார முடியாது. எழுந்திருக்கும்போது கை ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று பெரிய சோபாவின் இடது மூலையில், கைப்பிடியை ஒட்டி உட்கார வைத்தேன். அது என் கணவர் சுபின் வழக்கமாக உட்காருகிற இடம்.

ஜெபம் முடிந்து அப்பா எழுந்தபோது அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் தெரிந்தது. அவர் வேட்டியின் பின்பக்கமும் அதே மாதிரி நனைந்திருந்தது. ஐயரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அடுக்குவதை நிறுத்தினார்கள். அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்பவும் அன்பாகச் சொன்னார்.

“பரவால்ல அண்ணாச்சி, ஆபரேஷன் ஆன ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும். ஏட்டி ரீபா, பைய அந்த டெட்டாலக் கொண்டா.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். இப்படி இரக்கப்பட்டால் என்ன செய்வது? அப்பா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வேட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பக்கத்தில் போய், வெட்கப்படாதீர்கள், இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று டாக்டரே சொன்னார் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் அடுக்களைக்கு ஓடி வினிகரும் தண்ணீரும் கலந்து எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே முழங்காலிட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதன்மேல் சமையல் சோடாவைத் தூவினேன். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தேன். அப்பா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பாளையங்கோட்டைக்கு வரவில்லை. பிப்ரவரியில் கூப்பிட்டால் தைப்பு வேலை குவிந்து கிடக்கிறது என்றார். ஈஸ்டருக்குக் கூப்பிட்டால் வெயில் தாங்காது என்றார். பேரனை செல்போனில் பார்த்துக்கொண்டார். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் எஸ்றாவுக்குத் தாத்தா என்றால் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான்.

இங்கே அத்தை சோபாவின் இடது மூலையில் ரெக்சின் துண்டு ஒன்றை விரித்து, அதை யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் குரலைத் தாழ்த்திச் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். மாதங்கள் போகப்போக அந்தப் பக்கம் ஒரு கெட்ட வாடை வர ஆரம்பித்தது. என் மாமனார் சாலமோன் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு பேப்பரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார். உள்ளே பஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டது, இனிமேல் போகாது என்று அத்தை பெருமூச்சு விடுவார். இவ்வளவுக்கும் எஸ்றா அதே சோபாவின் வலது மூலையில் தினமும் இரண்டு தடவையாவது மூத்திரம் போய்க்கொண்டிருந்தான். அதற்கு அத்தை கைதட்டிச் சிரிப்பார், என் ராசா என்பார், முந்தானையால் துடைத்துவிட்டுப் போய்விடுவார். ஏழு மாதப் பிள்ளை போனால் சிரிப்பு, அறுபத்தெட்டு வயது மனுஷன் போனால் ரெக்சின். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்ன சொல்ல முடியும், நடந்தது நடந்ததுதானே என்று நினைத்துக்கொள்வேன். மாதம் ஒருமுறை ரெக்சினைத் தூக்கிவிட்டு வினிகரும் சோடாவும் போட்டு ஒற்றுவேன். அந்த வினிகர் நெடியில் வேறு எதுவும் மூக்குக்குத் தெரியாது. கறை போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்றாவுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. காலையில் கோவிலில் ஆராதனை, மத்தியானம் வீட்டில் ஜெபமும் சாப்பாடும். அப்பாவிடம், தாத்தா இல்லாமல் பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியாது, வராவிட்டால் நான் ஏரலுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்று சண்டை போட்டேன். கோவிலுக்கு வருகிறேன், வீட்டுக்கு வேண்டாமே என்றார். விடமாட்டேன் என்றேன். கடைசியில் சரி என்றார்.

அதே வாரம் அத்தை யார் யார் எங்கே உட்காருவது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஐயருக்கு ஒற்றைச் சோபா, மெஞ்ஞானபுரத்துப் பெரியத்தைக்கு இன்னொன்று. அப்பாவுக்கு வராந்தாவில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர். காற்றாட இருக்கும் என்றார். நான் சுபினிடம் சொன்னேன். சுபின், ஒரு நாள் கூத்துக்கு ஏன் வம்பு, உன் அப்பாவே அதைத்தான் விரும்புவார் என்றார். அப்பாவின் விருப்பம் அவருக்கு எப்படித் தெரியுமோ.

எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. அப்பா அவர் வாங்கிக் கொடுத்த சோபாவில்தான் உட்காருவார், அதற்கு அந்த மூலையைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று வியாழக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பெட்ஷீட், துண்டு, ரெக்சின் எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தபோது கறை ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தது. வழக்கம்போல வினிகர் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தேன். துணியிலிருந்து வழிந்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக மேலே நின்றது.

தையல் கடையில் வளர்ந்தவளுக்கு அது போதும். மிஷின் எண்ணெய் சொட்டிய துணியில்தான் தண்ணீர் அப்படி நிற்கும். மூத்திரக் கறையில் தண்ணீர் விட்டால் உடனே குடித்துவிடும். எஸ்றாவின் பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். ஜாக்கெட் துணியில் எண்ணெய் பட்டால் அப்பா சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவி வைப்பார், பொடி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பவுடர் மஞ்சளாகிப் பிசைந்த மாவாகக் கட்டியிருந்தது. விரலில் எடுத்து மோந்தேன். எண்ணெய்ச் சிக்கு வாடை. வேறு எதுவும் இல்லை. எட்டு மாதமாக நான் விட்ட தண்ணீர்தான் அந்த எண்ணெயைப் பரப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது இவ்வளவு எண்ணெய்? சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்தேன். அடியில் அடித்திருந்த கறுப்புத் துணி ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தட்டுப்பட்டது. பாதி எண்ணெய் இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு பிரசங்கியாரின் படமும் ஒரு வசனமும், ‘ஜெபிக்கப்பட்ட எண்ணெய்’ என்ற எழுத்தும்.

இந்த இடத்தில் எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா சபையின் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். பந்தல் போட்டு எண்ணெய் கொடுக்கிற பிரசங்கியார்கள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. எண்ணெய் வேண்டுமென்றால் செக்குக்குப் போகட்டும், சபைக்கு எதற்கு என்று சாப்பாட்டு மேஜையிலேயே முழங்குவார். அவருடைய சம்சாரம்தான் அந்தப் பாட்டிலை அவருடைய சோபாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

அத்தை காய்கறிப் பையோடு வந்தபோது நான் பாட்டிலை அடுக்களை மேடையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பையை அப்படியே தரையில் வைத்துவிட்டார். பொய் சொல்லவில்லை. சுபினுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும், அவன் உட்காருகிற இடத்தில் தினமும் ஏழு சொட்டு விட வேண்டும் என்று பிரசங்கியார் சொன்னாராம். ஜெபத்தன்று வீட்டில் இத்தனை பேர் ஜெபிக்கப் போகிறார்களே, பலன் கூடும் என்று காலையில் கால் பாட்டில் எண்ணெயை மொத்தமாக ஊற்றிவிட்டாராம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவை உட்கார வைத்த அவசரத்தில் நான் துணியைப் பார்க்கவில்லை. அதன் பிறகும் ரெக்சினைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வேலை ஒன்றும் வரவில்லை. வந்தது வாடைதான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“அன்னைக்கு எங்கப்பா எந்திச்சப்ப அது எண்ணெய்னு ஒங்களுக்குத் தெரியும்லா அத்தே?”

“அத்தன பேரு முன்னால நான் என்னத்தச் சொல்ல? ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ. அண்ணாச்சிக்கு ஆபரேஷன் ஆயிருந்துல்லா. யாரும் தப்பா நெனைக்க மாட்டாவன்னு நெனச்சேன்.”

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களாம். ஒரு மனுஷனைப் பதினைந்து பெண்கள் நடுவில் மூத்திரம் போனவனாக நிற்க வைத்துவிட்டு, எட்டு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டு, தப்பாக நினைக்க மாட்டார்களாம். அடுக்களையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் வருவார்கள், அதே இடத்தில் வைத்து நடந்ததை நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். அத்தை அழுதார். பிறகு சொல்லுகிறேன் என்று தலையாட்டினார். அப்பாவிடம் நான் போனில் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் அவர் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி.

மூன்று நாள் அந்த மூலையோடு மல்லுக்கட்டினேன். பவுடரைத் தூவி, ஊறவைத்து, பிரஷ்ஷால் தட்டி எடுத்து, திரும்பத் தூவினேன். எண்ணெய் வருவது நின்றதும் பாத்திரம் கழுவுகிற சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அடித்து, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் அள்ளித் துடைத்தேன். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் காயவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாம் நன்றாக நடந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா யாரும் சொல்லாமலே வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் போய் உட்கார்ந்தார். புதுச் சட்டை, அவரே தைத்தது. ஐயர் ஒற்றைச் சோபாவில் உட்கார்ந்தார். ஐக்கிய சங்கப் பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். நான் அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, அத்தையைப் பார்த்தேன். அத்தை எழுந்தார்.

“அண்ணாச்சி, கறையெல்லாம் போயிட்டு. பழச எல்லாரும் மறந்துட்டோம். நீங்க சங்கடப்படாம சோபாவுல இரிங்க.”

ஐயரம்மா நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். அத்தையின் பெருந்தன்மையைப் பார்த்து இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் அப்பாவை அவர் மன்னித்துவிட்டார்! செய்ததையும் செய்துவிட்டு, யாரும் கேட்காமலே மன்னிப்பையும் கொடுத்துவிட்டார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அலமாரியில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்து ஐயர் முன்னால் இருந்த ஸ்டூலில், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அது எங்கப்பா இல்ல. அத்த ஊத்துன எண்ணெய். அத்தைக்கு அன்னைக்கே தெரியும்.”

மாமா பாட்டிலை எடுத்துப் படத்தைப் பார்த்தார், வசனத்தைப் படித்தார், அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுபின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். ஐயரம்மா எழுந்து வந்து அப்பாவிடம் கை கூப்பினார். நான் எல்லோரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. இந்தச் சேரே வசதியாக இருக்கிறது என்று சொல்லி, வராந்தாவிலிருந்து சேரை அவரே உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐயர் அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தார்.

சாப்பாடு முடிந்ததும் அப்பாவை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். ஏரல் பஸ் வர நேரமிருந்தது. ஆட்டோவில் வரும்போது முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படி மடக்கினேன் என்று. அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

“எனக்கு மறுநாளே தெரியும்மா. வேட்டியத் தொவைக்கப் போட்டேன், தண்ணியே ஒட்டல.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நானாப் போயி ஒங்க அத்தயச் சொன்னா, நீ அங்கன எப்பிடி இருப்ப? நீ ஒரு வார்த்த, நீங்களாப்பான்னு கேட்டா சொல்லுவோம்னு இருந்தேன். தெனமும் போன் பேசுத. சாப்ட்டியளா, மாத்திர போட்டியளான்னு கேக்க. அதக் கேக்கலயே.”

ஒரு விஷயத்தை இவ்வளவு நேரமும் சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது. மார்ச் மாதம், கறை போகவில்லை என்றதும், நான் ஒரு மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு வாங்கி, கூரியரில் ஏரலுக்கு அனுப்பினேன். மேலே கடையின் பெயரும் சரக்கின் பெயரும் அச்சடித்த பெட்டியிலேயே அனுப்பினேன். அப்பாவின் தையல் கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் நாலு பேர் இருக்கும்போது அது அவர் கைக்கு வந்திருக்கிறது.

“அந்தப் பெட்டி வாரது வரைக்கும், நீ நம்பியிருக்க மாட்டன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்,” என்றார் அப்பா.

பஸ் வந்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அத்தைக்காவது தன் மகனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம் என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.